கிலுகிலுப்பையைத் தின்ற மாடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைக்குப் பிறகு தரிசிலும் சாலையோர மணலிலும் மஞ்சள் பூங்கொத்தோடு நிற்கும் கிலுகிலுப்பையைச் சிலராவது பார்த்திருப்பீர்கள். காய்ந்த நெற்றை ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். அழகான செடிதான். ஆனால் குரோட்டலேரியா என்ற இந்தப் பேரினத்தில் பல வகைகள் மாடு, குதிரை, பன்றி, கோழி எல்லாவற்றுக்கும் நஞ்சு.

"தின்றது, ஒன்றும் ஆகவில்லையே" என்று விட்டுவிடுவதுதான் இதில் பெரிய தவறு. அரளியைப் போல அன்றைக்கே வேலையைக் காட்டும் நஞ்சு இல்லை இது. செடியில் இருப்பவை மோனோகுரோட்டலின் போன்ற ஆல்கலாய்டுகள், அதாவது செடி தானே உண்டாக்கும் வேதிப்பொருள்கள். அவற்றைக் கழித்து வெளியேற்றப் பார்க்கும் கல்லீரல்தான் அவற்றைக் கடும் நஞ்சாக மாற்றுகிறது. முதலில் அடிபடுவதும் அதுவே. பல வாரம், சில சமயம் மாதங்கள் கழித்துத்தான் மாடு மெலியும், முக்கி முக்கிக் கழியும், கண் மஞ்சளாகும். அதற்குள் எதைத் தின்றது என்பதே நமக்கு மறந்திருக்கும். ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் இதைத் தின்ற குதிரைகள் எதிரே என்ன இருக்கிறது என்று பாராமல் நடந்துகொண்டே இருக்கும். கல்லீரல் கெட்டதும் ரத்தத்தில் சேரும் கழிவு மூளையைக் குழப்புவதால் வருவது அது. அந்தக் கட்டத்தில் கொடுக்க மாற்று மருந்து கிடையாது.

அடுத்தது, காய்ந்தால் நஞ்சு போய்விடும் என்ற நம்பிக்கை. போகாது. பச்சையாக நிற்கும்போது, வேறு தீவனம் இருந்தால், மாடு பெரும்பாலும் இதை ஒதுக்கிவிடும். புல்லோடு அறுத்து உலர்த்திக் கட்டிப் போட்டால் பாவம், எப்படி ஒதுக்கும்?

விதையில்தான் நஞ்சு அதிகம். 1970களில், அன்றைய மத்தியப் பிரதேசத்தின் சர்குஜா மாவட்டத்தில், சிறுதானியத்தில் கலந்திருந்த இந்த இன விதையால் மனிதர்களே கல்லீரல் கெட்டு, வயிற்றில் நீர் கோத்து இறந்தார்கள். கழித்த தானியத்தைப் பார்க்காமல் கோழிக்கு அள்ளிப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆடு தாங்கும் என்பது ஓரளவு உண்மை. அதற்காக அந்தத் தரிசிலேயே தினமும் மேய விடாதீர்கள்.

பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பும் இதே பேரினம்தான். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதுவிடுங்கள். விதை பிடித்த சணப்பைத் தீவனமாக்காமல் இருந்தால் போதும்.

கிலுகிலுப்பையைக் காய் பிடிக்கும் முன்பே வேரோடு பிடுங்குங்கள். பிடுங்கியதை வரப்பில் போட்டுவிட்டு வராதீர்கள். வாடியதையும் மாடு தின்னும். அப்புறம், மாடு காரணம் தெரியாமல் மெலிந்தால் மருத்துவரிடம் நேற்றைய தீவனத்தை மட்டும் சொல்லாமல், கடந்த சில மாதமாக அது எங்கெல்லாம் மேய்ந்தது என்பதையும் சொல்லுங்கள். அங்கே இந்தச் செடி இருந்தால் காயோடு ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு போங்கள்.