நக மாற்றத்துக்காக மருத்துவரைப் பார்க்கும் முன்

நகத்தில் புதிதாக ஒரு நிறமோ வடிவமோ தென்பட்டால், அதைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துத் தேதியுடன் வைத்துக்கொள்ளுங்கள். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டரும் கால்விரல் நகம் அதில் பாதியளவும்தான் வளரும் என்பதால், அடிபட்டு உறைந்த இரத்தக் கறை நகத்தோடு நுனியை நோக்கி நகர்கிறதா என்பதை அடுத்தடுத்த படங்கள் காட்டும்.

ஆனால் ஒரே விரலில் அடிநகத்திலிருந்து நுனிவரை ஓடும் கருங்கோடு புதிதாகத் தோன்றினாலோ, அகலமானாலோ, பக்கத்துத் தோலிலும் கருமை படர்ந்தாலோ, படம் எடுத்துக்கொண்டு காத்திராமல் உடனே தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். அது மெலனோமா என்னும் புற்றுநோயாக இருக்கக்கூடும். பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் வந்தது அதுவே. 1981இல், 36 வயதில் அவர் இறந்தார். கருநிறத் தோலினருக்குப் பல விரல்களில் மெல்லிய கோடுகள் இயல்பாகவே இருக்கலாம் என்றாலும், அதை முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவர்தான்.

செல்லும்முன் எல்லா விரல்களிலும் நகப்பூச்சை அகற்றிவிடுங்கள். மருதாணிச் சிவப்பு நகத்தில் மாதக்கணக்கில் தங்கும் என்பதால், இட்டிருந்தால் சொல்லிவிடுங்கள். பூஞ்சைக்கான களிம்பை நீங்களே வாங்கித் தடவ வேண்டாம். பின்னர் நகத்துணுக்கை வெட்டிச் சோதிக்கும்போது பூஞ்சை தென்படாமல் போகலாம். உட்கொள்ளும் மருந்துகளின் சீட்டையும், அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் கொண்டுசெல்லுங்கள். கரண்டிபோல் குழிந்த நகத்துக்கு இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம். நீரிழிவு உள்ளவருக்குக் கால்நக ஓரம் வீங்கிச் சீழ் வைத்தால், வீட்டில் வெட்டிப் பார்க்காமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.