ரிவால்வருக்கு மரப்பிடி: கடலோரத்தில் இருப்பவர்கள் செய்யும் தவறுகள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் லைசென்ஸ் ரிவால்வர் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ராணுவத்தில் இருந்து வந்தவர்கள், தோப்பு துரவு உள்ளவர்கள், பணம் கையாளும் வியாபாரிகள். கம்பெனியில் இருந்து வந்த பிடி பிடிக்காமல், நல்ல மரத்தில் புதிதாகச் செய்து போட ஆசைப்படுவார்கள். நியாயமான ஆசைதான். கையில் எடுத்தால் முதலில் தொடுவது அதைத்தானே. ஆனால் பலர் செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, “இதே கலர்ல வேணும்” என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். பாதித் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. உலோகத்தின் ஃபினிஷ் பல வருஷம் அப்படியே இருக்கும். மரம் இருக்காது. இன்று என்ன நிறம் என்று பார்த்து மரம் எடுக்கக்கூடாது. மூன்று வருஷம் கழித்து, இந்த உப்புக்காற்றில், உங்கள் கை வியர்வையில் அது என்னவாக மாறும் என்று பார்த்து எடுக்க வேண்டும்.

பலாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பண்ருட்டி பக்கத்தில் இருப்பதால் நமக்குச் சுலபமாகக் கிடைக்கிற மரம். இழைத்தவுடன் மஞ்சள் பொங்கும். நிக்கல் பூசிய துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தால் தங்கமும் வெள்ளியும் போல இருக்கும். அந்த அழகில் மயங்கி ஆர்டர் கொடுத்துவிடுவார்கள். வெளிச்சம் படப்பட அந்த மஞ்சள் பழுப்பாகி, பிறகு செம்பழுப்பாகிவிடும். பழைய வீணைகளின் குடத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும், அதுவும் பலாதான். “ஆசாரி, எண்ணெய் ஏதோ தப்பா போட்டுட்டீங்களா?” என்று பிறகு கேட்பதில் பயனில்லை. மரத்தின் இயல்பே அது. அந்தச் செம்பழுப்பும் நிக்கலுக்குப் பொருந்தும். ஆனால் அதைத்தான் விரும்பி வாங்கினோமா என்பது வேறு கேள்வி. ஆசாரியிடம் புதுத் துண்டைக் கேட்காதீர்கள். பட்டறையில் ஜன்னலோரம் ஒரு வருஷமாவது கிடந்த துண்டைக் காட்டச் சொல்லுங்கள்.

இனி உலோகத்தின் பக்கம். புளூயிங் என்பது மேலே அடித்த பெயின்ட் இல்லை. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கொதிநீரில் எஃகை முக்கி எடுக்கும்போது அதன் மேல்தோலே கருநீல ஆக்சைடாக மாறுகிறது. மிக மெல்லிய தோல். 1955-இல் வந்த கோல்ட் பைத்தான் மாதிரி நன்றாகப் பாலீஷ் போட்டுப் புளூ செய்த துப்பாக்கியில் நீலம் ஆழமாகத் தெரியும். டியூப் லைட்டில் அது வெறும் கருப்பாகத் தோன்றும், மாலை வெயிலில்தான் நீலம் எழும். டியூப் லைட்டில் பார்த்துவிட்டு “கருப்புக்குக் கருப்பு” என்று கருங்காலியைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. பிடி எங்கே முடிகிறது, இரும்பு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் போகும். புளூவுக்குச் சிவப்புக் கலந்த பழுப்புதான் எடுப்பு. மேல்நாட்டில் காலம் காலமாக வால்நட் போட்டதற்கு அது வலுவான மரம் என்பது மட்டும் காரணமில்லை, அந்தப் பழுப்பு நீலத்தைத் தூக்கிக் காட்டும்.

காஷ்மீர் வால்நட் கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம். நம் ஊர் வாகையை மர வியாபாரத்தில் ‘ஈஸ்ட் இந்தியன் வால்நட்’ என்றே விற்றிருக்கிறார்கள். வைரம் பாய்ந்த வாகையில் கரும்பழுப்புக் கோடுகள் ஓடும். புளூ ஃபினிஷுக்கு என் முதல் தேர்வு அதுதான். இரண்டாவது பூவரசு. சாலையோரம் நிழலுக்கு நிற்கிற மரம் என்பதால் யாரும் மதிப்பதில்லை. வயதான மரத்தின் வைரம் சாக்லேட் நிறத்தில், நெருங்கிய இழையோடு, மழமழவென்று வரும். வாகையாக இருந்தாலும் பூவரசாக இருந்தாலும், வெளிர்ந்த வெள்ளைப்பகுதி பிடியில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் வெள்ளைக்கோடு விழுந்தால் கண் அங்கேயேதான் போகும். பூச்சியும் முதலில் வருவது அந்த வெள்ளைக்குத்தான்.

நிக்கலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் ஒன்று என்று நினைப்பது இன்னொரு தவறு. இரண்டும் வெள்ளை என்பதால் ஒரே மரம் போதும் என்கிறார்கள். நிக்கலில் லேசான மஞ்சள் சாயல் உண்டு, பார்வைக்கு வெதுவெதுப்பாக இருக்கும். ஸ்டெயின்லெஸ் சாம்பல் பூத்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1965-இல் மாடல் 60 என்று முதல் ஸ்டெயின்லெஸ் ரிவால்வரைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு வந்த பெரும்பாலான ஸ்டெயின்லெஸ் துப்பாக்கிகள் பளபளப்பு இல்லாமல், தேய்த்துவிட்ட மாதிரி மங்கலாக இருக்கும். அந்தச் சாம்பலுக்கு வெளிர் மரம் போட்டால் இரண்டும் சேர்ந்து சோகை பிடித்த மாதிரி ஆகிவிடும். ஈட்டி மரம் போல ஊதா கலந்த கரும்பழுப்பு, அல்லது நல்ல சிவப்பு வேண்டும். நிக்கலுக்குக் கருங்காலி பிரமாதமாகப் பொருந்தும். ஆனால் மாலைக்காகக் கருங்காலி தேடும் இந்தக் காலத்தில், சாயம் ஏற்றிய மட்ட மரம் அந்தப் பெயரில் ஏராளமாக விற்கிறது. ஒரு மூலையைச் சீவிப் பார்க்காமல் வாங்காதீர்கள். வெட்டுவாயில் உள்ளே வெளுப்பு தெரிந்தால் அது சாயம்.

தேய்ந்த துப்பாக்கிக்குப் புது மினுக்குப் பிடி போடுவதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். முப்பது வருஷம் உறையில் போய் வந்து, குழல் நுனியிலும் தோட்டா போடும் சிலிண்டரின் ஓரத்திலும் புளூ தேய்ந்து வெள்ளி மாதிரி தெரிகிற ரிவால்வர் அது. அந்தத் தேய்மானத்துக்கு ஒரு கண்ணியம் உண்டு. அதன் மேல் கண்ணாடி போல மின்னும் பாலியூரித்தேன் பூசிய பிடியை மாட்டினால் துப்பாக்கி அழுக்காகத் தெரியும். எண்ணெய் மட்டும் ஊட்டி, கையால் தேய்த்து மங்கலாக விட்ட மரமே அதற்கு ஏற்றது. பிடிக்காக இரும்பை மறுபடி புளூ செய்யக் கிளம்பாதீர்கள், பழைய துப்பாக்கியின் மதிப்பில் பெரும்பங்கு அதன் அசல் ஃபினிஷில்தான் இருக்கிறது.

எந்தப் பூச்சு என்பதில் நம் ஊருக்கே உரிய ஒரு பிழை உண்டு. புதுச்சேரியில் நாற்காலிக்கும் அலமாரிக்கும் அரக்கில் போடும் பிரெஞ்ச் பாலீஷ் அவ்வளவு அழகு. பிடிக்கும் அதையே கேட்கிறார்கள். அரக்குக்குத் தண்ணீரும் ஆகாது, சாராயமும் ஆகாது. ஈரம் பட்டால் வெளுக்கும், சானிடைசர் பட்ட கையால் பிடித்தால் பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் போதும், மேலே கொஞ்சம் மெழுகு. இங்கே ஓர் எச்சரிக்கை: அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காய்கிறபோதே சூடேறி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். விரித்து வெளியில் காயப்போட வேண்டும், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும்.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய தவறு வெளியே தெரியாத பக்கத்தில் நடக்கிறது. பிடியின் வெளிப்புறத்துக்கு ஐந்து கை எண்ணெய் ஊட்டிவிட்டு, இரும்போடு ஒட்டும் உள்புறத்தைப் பச்சையாக விட்டுவிடுவார்கள். யார் பார்க்கப்போகிறார்கள் என்ற எண்ணம்தான். மரத்தில் டானின் என்ற துவர்ப்புச் சத்து இருக்கிறது. ஈரமும் இரும்பும் சேர்ந்தால் அது மை மாதிரி கருநீலமாக மாறும். பழைய தேக்குக் கதவுகளில் ஆணியைச் சுற்றி ஒரு கருவளையம் இருக்குமே, அது இதுதான். ஐப்பசி, கார்த்திகையில் கடற்காற்றின் உப்பும் மழை ஈரமும் அந்த உள்புறத்தில் ஏறி, எஃகோடு ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் இருக்கும். திருகாணியைக் கழற்றிப் பிடியின் ஒரு பக்கத்துப் பலகையைத் தூக்கினால், மரத்தில் ஃபிரேமின், அதாவது துப்பாக்கியின் இரும்புச் சட்டத்தின் அச்சு கருப்பாக அப்படியே பதிந்திருக்கும். எதிரே இரும்பில் அதே வடிவத்தில் செம்பொடி. வெளியே துப்பாக்கி மாப்பிள்ளை மாதிரி இருக்கும். ஸ்டெயின்லெஸ் என்றால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். உப்பு தங்கும் இடத்தில் அதிலும் ஊசிக்குத்து மாதிரி குழி விழும்.

மரம் வாங்கும்போதே இதைச் சோதிக்கலாம். கழிவுத் துண்டை ஈரமாக்கி, மேலே இன்னும் துரு ஏறாத ஒரு சாதாரண இரும்பு ஆணியைப் படுக்க வைத்து, ஈரத்துணி மூடி இரவு முழுவதும் விடுங்கள். காலையில் ஆணியின் வடிவம் கருப்பாக விழுந்திருந்தால் டானின் அதிகம். அந்த மரத்தை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. உள்புறம், திருகாணித் துளை, கீழ்முனையில் வெட்டுவாய் தெரியும் இடம், எல்லாவற்றையும் நன்றாக அடைத்துப் பூசினால் போதும். உள்புறத்துக்கு மட்டும் பாலியூரித்தேன் போடச் சொல்வேன், அங்கே மினுக்கு யார் கண்ணையும் உறுத்தாது. துப்பாக்கி எண்ணெய் உள்ளே ஊறி மரம் கறுத்துப் பொதுபொதுவென்று ஆவதையும் அதுவே தடுக்கும்.

காயாத மரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் நிழலில் காய வேண்டும் என்பது தச்சர்கள் கணக்கு. அவசரப்பட்டால் சித்திரை வெயிலில் பலகை சுருங்கி ஃபிரேமின் ஓரம் வெளியே துருத்தும். அதனால்தான் பழைய வீடு இடிக்கும்போது வரும் தேக்கு உத்திரம் எனக்குப் பிடிக்கும், சுருங்க வேண்டியதெல்லாம் அது முன்பே சுருங்கி முடித்திருக்கும். ஆணித் துளையும் கருவளையமும் இல்லாத பாகமாகப் பார்த்து வாங்கினால் சரி. புயலில் விழுந்த மரம் என்றால் இன்னும் கவனம் தேவை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. காற்று வளைத்து முறித்த அடிமரத்துக்குள் கண்ணுக்கு எட்டாத நெரிசல் முறிவுகள் இருக்கும். உத்திரத்துக்குத் தெரியாத பலவீனம், கால் அங்குலம்கூட இல்லாத பிடிப் பலகையில் திருகாணி முறுக்கும்போது தெரிந்துவிடும்.

இரண்டு பலகையும் ஒரே கட்டையில் இருந்து, பக்கத்தில் பக்கமாக அறுத்ததாக இருக்கட்டும். ரேகை பிடியின் நீளவாக்கில் ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் முனை உடையும். திருகாணி நேரடியாக மரத்தில் அழுந்தக்கூடாது, உள்ளே உலோக வளையம் இருக்க வேண்டும். நிக்கல் துப்பாக்கியில் பித்தளைத் திருகாணி மாட்டி மொத்த அழகையும் கெடுத்தவர்கள் உண்டு. அந்தப் பித்தளையைத் துலக்க அம்மோனியா கலந்த பாலீஷ் போட்டால் இன்னும் மோசம். பழைய நிக்கல் பூச்சுக்கு அடியில் பல நேரம் செம்பு இருக்கும், அம்மோனியா அதை அரித்து நிக்கலை உரித்துவிடும்.

சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் ரிவால்வர் என்றால், இடப்பக்கப் பலகையின் மேல்பகுதியைக் கொஞ்சம் குடைந்துவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் காலித் தோட்டா வெளியே வரும்போது இடிக்கும். கான்பூரில் செய்யும் .32 ரிவால்வர், 2014-இல் வந்த 500 கிராம் எடையுள்ள நிர்பீக் போன்றவை நடுவில் மடங்கித் திறப்பவை, அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

சட்ட விஷயத்தில் விளையாட வேண்டாம். ஆசாரியிடம் துப்பாக்கியைக் கொடுத்து “அளவு எடுத்துக்கோ” என்று விட்டுவரவே கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, ஆயுதம் பழுது பார்க்கவே தனி லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கியைப் பொருத்திப் பார்க்கும் வேலை லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியின் கடையில் நடக்கட்டும். ஆசாரி கைக்குப் பழைய பலகைகள் மட்டும் போனால் போதும், அச்சு அதிலேயே இருக்கிறது. கடலூர்க்காரர்களுக்குக் குறிப்பாக ஒன்று: உங்கள் லைசென்ஸ் தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லும் என்று எழுதியிருந்தால், முள்ளோடையைத் தாண்டுகிற நொடியில் அது செல்லாது. புதுச்சேரி வேறு யூனியன் பிரதேசம். டவுன் பஸ்ஸில் போகிற தூரம்தானே என்று நினைத்துவிடாதீர்கள். மரத்திலும் இதே கவனம் வேண்டும். ஈட்டியை வெட்டத் தமிழ்நாட்டில் 1994-இலேயே தனிச்சட்டம் தடை போட்டது. செம்மரத்துக்கும் ஈட்டிக்கும் ரசீது கேளுங்கள். தந்தம், மான் கொம்பு வைத்த பிடி செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள், 1972 வனவிலங்குச் சட்டத்தில் அது நேரே குற்றம்.

தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ வியாபாரியிடமோ ஒப்படைக்கிறோம். வாரக்கணக்கில் இரும்பு அலமாரியில் கிடந்து திரும்பி வரும். வந்ததும் மேலே துடைத்து உள்ளே வைத்துவிடுவதுதான் வழக்கமாக இருக்கிறது. முதலில் சிலிண்டரில் தோட்டா போடும் ஒவ்வொரு அறையும் காலியா என்று பாருங்கள். பிறகு பலகைகளைக் கழற்றி, ஃபிரேமை உலரத் துடைத்து, மெலிதாக எண்ணெய் தடவி, மரத்தை ஒரு நாள் மின்விசிறிக் காற்றில் விட்டு அதற்குப் பிறகு மாட்டுங்கள். கம்பெனிப் பிடியைத் தூக்கிப் போடாமல் துணியில் சுற்றி வையுங்கள். நாளைக்கு விற்க நேர்ந்தால், வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.