காரகோரம் மலைகளை வரைபடமாக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியா, பாகிஸ்தான், சீனா எல்லைகள் கூடும் இடத்திலுள்ள காரகோரம் போன்ற பனிமலைகளை வரைபடமாக்குவோர் செய்யும் தவறுகளில் ஆபத்தானது, பார்க்காத இடத்தைப் பார்த்ததுபோல் வரைவதுதான். 1892-இல் ஹிஸ்பர் கணவாயில் நின்று எதிரே விரிந்த பனிவெளியைக் கண்ட ஆங்கிலேய மலையேறி மார்ட்டின் கான்வே, அதற்குப் 'பனி ஏரி' என்று பெயரிட்டு, பரப்பு 300 சதுர மைல் இருக்கும் என மதிப்பிட்டார். 1937-இல் பிரிட்டிஷ் மலை ஆய்வாளர் எரிக் ஷிப்டனின் குழுவினர் அளந்தபோது அதில் ஒரு சிறு பங்குதான் உண்மை என்று தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மரமோ வீடோ இல்லாத வெண்மையில் கண்ணளவை நம்பவே கூடாது. அதே வட்டாரத்தில், கார்னிஸ் பனியாறு நாற்புறமும் மலைகளால் அடைபட்டது, அதற்கு வெளியேறும் வழியே இல்லை என்று அமெரிக்க மலைப்பயணிகளான வொர்க்மன் தம்பதியர் எழுதியிருந்தனர். ஷிப்டன் குழுவினர் நேரில் சென்று அந்த வழியைக் கண்டனர். பார்க்காத பகுதியை வெறுமையாக விடுவது குறையன்று. வழிநடப்பவருக்கு அதுவே எச்சரிக்கை.

செயற்கைக்கோள் தரவு வந்த பின்னும் இத்தவறு நீடிக்கிறது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் அளந்தபோது, செங்குத்துச் சரிவுகளின் மறைவில் இருந்த பல இடங்களில் அளவே கிடைக்கவில்லை. அந்த இடைவெளிகளை மென்பொருள் ஊகத்தால் நிரப்பிவிட, சமவுயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) ஐயத்துக்கு இடமின்றி வழுவழுப்பாக ஓடுகின்றன. நிரப்பிய பகுதிகளைத் தனி நிறத்தில் காட்டுவது கட்டாயம்.

ஜிபிஎஸ் தரும் உயரத்தைக் கடல்மட்ட உயரமாக அப்படியே எழுதுவதும் தவறு. கருவி, பூமிக்குக் கணிதம் வகுத்த ஒரு வடிவத்திலிருந்து அளக்கிறது. உண்மையான கடல்மட்டம் அதிலிருந்து இடத்துக்கு இடம் மாறுபடும், இலங்கைக்குத் தெற்கே 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கும். திருத்தம் செய்யாத எண்ணைப் பழைய வரைபடத்தின் எண்ணோடு கலக்காதீர்கள்.

பெயர்களிலும் அவசரம் வேண்டாம். 1856-இல் பிரிட்டிஷ் நில அளவையாளர் மான்ட்கோமரி K1, K2 என்று குறித்த சிகரங்களில் முதலாவதற்கு மஷர்ப்ரம் என்ற உள்ளூர்ப் பெயர் முன்பே இருந்தது. அங்கு வாழும் பல்தி மக்களிடம் பெயரோடு வழியையும் கேட்டறியுங்கள். ஆற்றைக் கடக்கும் இடத்தைக் குறிக்கும்போது மாதத்தையும் நாளின் நேரத்தையும் சேர்த்தே எழுதுங்கள். கோடையில் பனி உருகிப் பெருகும், காரகோரத்தின் வடபுறத்து ஷக்ஸ்கம் ஆற்றில், மற்ற மாதங்களில் நடந்து கடந்த துறையே ஆளை அடித்துச் சென்றுவிடும்.