ஃபெடோராவில் ஃபயர்பாக்ஸ் காணொளிகளை ஓட வைப்பது எப்படி?

ஃபெடோரா லினக்ஸைப் புதிதாக நிறுவியவர்கள் பலரும் முதல் நாளிலேயே ஒரு குழப்பத்தைச் சந்திப்பார்கள். யூடியூப் தடையின்றி ஓடும். வேறொரு தளத்தில் காணொளியைச் சொடுக்கினால் கறுப்புக் கட்டம் மட்டுமே தெரியும். உடனே உலாவியோடு கூடுதலாக இணைக்கும் ‘பிளகின்’ எங்கே கிடைக்கும் என்று தேடத் தோன்றும். அந்தத் தேடலை விட்டுவிடுங்கள். 2017 மார்ச்சில் வந்த 52ஆம் பதிப்பிலேயே ஃப்ளாஷ் தவிர்த்த பழைய பிளகின்களை ஃபயர்பாக்ஸ் கைவிட்டது. 2021 ஜனவரியில் வந்த 85ஆம் பதிப்போடு ஃப்ளாஷும் போயிற்று. ஏதோ ஒரு கோப்பைப் பிளகின் அடைவில் நகலெடுக்கச் சொல்லும் பழைய குறிப்புகளால் இன்று எந்தப் பயனும் இல்லை.

இப்போது இல்லாதது பெரும்பாலும் கோடெக்தான், அதாவது சுருக்கப்பட்ட காணொளியை விரித்துக் காட்டும் மென்பொருள். யூடியூப் தரும் விபி9, ஏவி1 ஆகிய காணொளி வடிவங்களை உரிமத்தொகை இல்லாமல் பயன்படுத்தலாம் என்பதால் அவற்றை ஃபெடோரா தன்னுடனேயே தருகிறது. பல தளங்கள் பயன்படுத்தும் எச்.264 என்ற வடிவமோ காப்புரிமைக்கு உட்பட்டது. அமெரிக்க நிறுவனமான ரெட் ஹாட்டின் ஆதரவில் இயங்கும் ஃபெடோரா அதை முழுமையாகச் சேர்ப்பதில்லை. சிஸ்கோ நிறுவனம் தானே கட்டணம் செலுத்தி வழங்கும் ஓப்பன்எச்264 என்ற கோடெக் இருந்தால் சில காணொளிகள் ஓடும், எல்லாம் ஓடிவிடாது.

முதலில் ஃபெடோரா தராத மென்பொருள்களை வழங்கும் ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற களஞ்சியத்தைச் சேர்க்க வேண்டும். அதன் இணையதளத்தில் ‘கான்ஃபிகரேஷன்’ பக்கத்துக்குச் சென்று, உங்கள் ஃபெடோரா பதிப்பு எண்ணுக்கு நேராக உள்ள ‘ஃப்ரீ’ இணைப்பைச் சொடுக்கி, இறங்கும் கோப்பைத் திறந்தால் மென்பொருள் செயலியே அதை நிறுவிக்கொடுக்கும். முதன்முறை கணினியைத் தொடங்கியபோது ‘மூன்றாம் தரப்புக் களஞ்சியங்கள்’ என்ற பொத்தானை அழுத்தினோமே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. ஆர்பிஎம் ஃபியூஷனிலிருந்து அது திறந்துவிடுவது என்விடியா இயக்கி, ஸ்டீம் போன்ற ஓரிரு பகுதிகளை மட்டுமே. நானும் அதை நம்பி அடுத்த படிக்குத் தாவி, அப்படியொரு தொகுப்பே இல்லை என்று முனையம் (டெர்மினல்) சொன்ன பிறகுதான் திரும்பி வந்தேன்.

அடுத்து முனையத்தைத் திறந்து கீழுள்ள கட்டளையை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள். இடைவெளிகளும் கடைசிச் சொல்லுக்கு முன்னுள்ள இரண்டு சிறுகோடுகளும் அப்படியே இருக்க வேண்டும்.

sudo dnf swap ffmpeg-free ffmpeg --allowerasing

கடவுச்சொல்லைக் கேட்கும்போது நீங்கள் எத்தனை எழுத்து அடித்தாலும் திரையில் ஒரு புள்ளிகூடத் தோன்றாது. விசைப்பலகை பழுதாகிவிடவில்லை, முழுவதும் அடித்து என்டரைத் தட்டுங்கள். பின்னர் நீக்கப்படும் தொகுப்புகளும் சேர்க்கப்படும் தொகுப்புகளும் பட்டியலாக வரும். கோடெக்குகளின் தொகுப்பான எஃப்எஃப்எம்பெக்கில் (ffmpeg) ஃபெடோராவின் குறைக்கப்பட்ட வடிவம் போய் முழுமையானது வருவதால்தான் இந்த நீக்கம். கடைசிச் சொல் அதற்கான அனுமதியே. பட்டியலை ஒருமுறை படித்துவிட்டு ‘ஒய்’ அடித்துச் சம்மதியுங்கள்.

முடிந்ததும் ஃபயர்பாக்ஸின் எல்லாச் சாளரங்களையும் மூடித் திறக்க வேண்டும். தாவலை மட்டும் புதுப்பித்தால் போதாது. பட்டியில் ‘ஹெல்ப்’, அதற்குள் ‘மோர் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ என்று சென்று, ‘மீடியா’ பகுதிவரை உருட்டுங்கள். அங்குள்ள கோடெக் அட்டவணையில் எச்264 வரிசையில் மென்பொருள் வழி டிகோடிங் ஆதரிக்கப்படுவதாகக் காட்டினால் வேலை முடிந்தது. வன்பொருளுக்கான நெடுவரிசையில் இல்லை என்று வந்தாலும் காணொளி ஓடும்; கணினியின் மையச் செயலிக்குத்தான் (சிபியு) சற்றுச் சுமை கூடும்.

மற்றத் தளங்கள் ஓடி, நெட்ஃபிளிக்ஸ் போன்ற சந்தாத் தளம் மட்டும் மறுத்தால் காரணம் வேறு. அங்கே தேவைப்படுவது, நகலெடுப்பதைத் தடுக்கும் டிஆர்எம் பூட்டைத் திறக்கும் கூகுளின் வைட்வைன். ‘செட்டிங்ஸ்’ பக்கத்தின் ‘ஜெனரல்’ பிரிவில் டிஆர்எம் உள்ளடக்கத்தை இயக்க அனுமதிக்கும் கட்டத்தில் குறியிடுங்கள். ஃபயர்பாக்ஸ் தானே அதை இறக்கிக்கொள்ளும். லினக்ஸில் வைட்வைன் மென்பொருள் அளவிலான பாதுகாப்போடு மட்டுமே இயங்குவதால், சில தளங்கள் முழுத் தெளிவைத் தராமல் போகலாம். அதைச் சரிசெய்ய நம் பக்கத்தில் வழியில்லை.

இவ்வளவு செய்தும் எச்.264 அசையவில்லை என்றால், நீங்கள் திறப்பது எந்த ஃபயர்பாக்ஸ் என்று பாருங்கள். ஃபிளாட்ஹப் என்ற செயலிக் களஞ்சியத்திலிருந்து நிறுவிய ஃபயர்பாக்ஸ் தனக்கான கோடெக்குகளைத் தனியே வைத்துக்கொள்ளும். கணினியில் நாம் மாற்றிய எஃப்எஃப்எம்பெக்கை அது ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இரண்டும் நிறுவப்பட்டிருந்தால் செயலிப் பட்டியலில் ஒரே சின்னத்தோடு இரண்டு ஃபயர்பாக்ஸ் இருக்கும். மென்பொருள் செயலியில் அதன் பக்கத்தைத் திறந்தால், எங்கிருந்து வந்தது என்பது அங்கேயே எழுதியிருக்கும்.