அடுப்படி மேடைக் கல்லில் செய்யக்கூடாதவை

சேலத்தில் புதுவீடு குடிபோகிறவர்கள் சமையல் மேடையைக் கெடுப்பது ஏறக்குறைய ஒரே வரிசையில்தான். கல்லிலேயே வைத்து நறுக்கக்கூடாது, சிந்தினால் துடைக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுவோம்.

உப்புக்கறைக்கு ஆசிட்

கல்லையே காவு வாங்குவது இதுதான். மேட்டூர்த் தண்ணீரைக் குடிக்கப் பிடித்து வைத்துவிட்டு, பாத்திரம் கழுவப் போர் தண்ணீரைத் திறந்துவிடும் வீடுகளில் குழாயடியிலும் சிங்க்கைச் சுற்றியும் வெள்ளையாக உப்பு படியும். டைல்ஸ் ஒட்ட வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் ஆசிட் ஊத்துங்கக்கா, பளிச்னு ஆயிரும்" என்பார். உப்பு போகும். கூடவே கல்லும் போகும்.

அந்த வெள்ளைப் படிவில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். கடப்பா கல் சுண்ணாம்புப் பாறை, மார்பிளும் அதே வகை. இரண்டிலும் இருப்பது பெரும்பாலும் அதே கால்சியம் கார்பனேட்தான். கறை எது, கல் எது என்று ஆசிட்டுக்குத் தெரியாது. ஊற்றியதும் நுரை கிளம்பினால் 'அழுக்கு வருது' என்று சந்தோஷப்படுகிறார்கள்; அது கறையோடு கல்லும் கரைந்து கிளம்பும் கார்பன் டை ஆக்சைடு. காய்ந்தபின் கறுப்புக் கல்லில் சாம்பல் நிறத் திட்டு தெரியும். அங்கே பாலிஷ் போய்விட்டது; தேய்த்தால் திரும்ப வராது. கறைதான் இன்னும் போகவில்லை என்று நினைத்து அதன் மேலேயே மறுபடி ஆசிட் ஊற்றுவார்கள் பாருங்கள், எரிச்சல் வருவது அங்கேதான்.

கிரானைட் எலுமிச்சைச் சாற்றுக்கு அசையாது. ஆனால் கக்கூஸ் கழுவும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக். இரும்பு கலந்த வெளிர் கிரானைட்டில் அது துரு மஞ்சளைக் கிளப்பும். இணைப்புச் சிமெண்டைக் கரைத்துத் தண்ணீரைக் கீழே இறக்கும். எவர்சில்வர் சிங்க்கைப் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

உங்கள் கல் எதுவென்று சந்தேகமா? கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு 5 நிமிடம் கழித்துத் துடையுங்கள். மங்கினால் கடப்பா அல்லது மார்பிள்.

கிரானைட்டில் உப்பு இருந்தால் வெந்நீரில் நனைத்த துணியை 15 நிமிடம் போட்டு வையுங்கள். பிறகு சோப்புத் தண்ணீர் விட்டு, புது பிளேடைக் கல்லோடு படுக்கையாக வைத்துத் தள்ளினால் பெயர்ந்து வரும். கடப்பாவில் பிளேடு கீறிவிடும், பிளாஸ்டிக் சுரண்டிதான். ஏற்கெனவே மங்கிய கல்லுக்குப் பாலிஷ் போடுகிறவரைக் கூப்பிட வேண்டும். அவர் டயமண்ட் பேடை (வைரத்தூள் பதித்த தேய்ப்பு வில்லை; எண் ஏற ஏற நுணுக்கம்) 400, 800, 1500, 3000 என்று நுணுக்கமாக்கிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் முந்தைய கீறல் தெரியும். தேங்காய் எண்ணெய் தடவி மறைப்பது இரண்டு நாள் வேஷம், அப்புறம் தூசி ஒட்டிப் பிசுபிசுக்கும்.

ஆசிட் பாட்டிலில்தான் வரும் என்றில்லை. வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு தேய்க்கும் புளி, ராத்திரி பொங்கி வழியும் இட்லி மாவு, பிழிந்து வைத்த ஏற்காடு ஆரஞ்சு எல்லாமே கடப்பாவைக் கடிக்கும். மாவுக் குண்டானைத் தாம்பாளத்தில் வையுங்கள். விளக்கைச் சிங்க்குக்குள் வைத்துத் தேயுங்கள்.

ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர்

குளோரின் வாயு வரும். கூடவே கூடாது.

இரும்பு நார்

உதிர்ந்த துகள் ஈரத்தில் துருப்பிடித்துக் கல்லில் இறங்கும்.

குவார்ட்ஸ் மேல் சுடு குக்கர்

கல்தூளைப் பிசினில் கெட்டித்துச் செய்த பலகை அது. பிசின் தீய்ந்தால் அந்தத் தடம் போகாது. எப்போதும் பிரிமணை போடுங்கள்.

மேடையில் ஏறிப் பரணை எட்டுவது

சிங்க்குக்கு வெட்டிய இடத்தின் முன்பக்கம் நாலு விரல் அகலக் கல்தான் மிச்சம். விரிசல் அங்கேதான் விடும்.

தேவையில்லாமல் சீலர்

கல் தண்ணீரும் எண்ணெயும் குடிக்காமல் இருக்கப் பூசும் திரவம்தான் சீலர். கல்லில் கொஞ்சம் தண்ணீர் விட்டு 15 நிமிடம் பாருங்கள். அந்த இடம் கறுத்தால் மட்டும் சீலர் போடலாம். நெருக்கமான கறுப்புக் கிரானைட் பெரும்பாலும் தண்ணீரே குடிக்காது. அதில் பூசினால் மேலே புகை படிந்த மாதிரி நிற்கும். கழுவிய கல் முழுதாகக் காய ஒரு நாள் விடுங்கள். ஏற்காட்டு மூடுபனிக் காலத்தில் இரண்டு நாள். பூசி 5 முதல் 10 நிமிடத்துக்குள், காய்வதற்கு முன்பே, மிச்சத்தை ஒட்டத் துடைக்க வேண்டும். நேரக்கணக்கு டப்பாவில் வேறு மாதிரி இருந்தால் அதையே பின்பற்றுங்கள். கதவுக்கு அடித்து மிஞ்சிய வார்னிஷைப் பூசினால் அடுப்புச் சூட்டில் செதில் செதிலாக உரியும்.