பள்ளிக் காய்கறித் தோட்டம்: எங்கே தவறுகிறோம்?

ஜூன் மாதம் பெயர்ப்பலகை வைத்துத் திறந்த பள்ளித் தோட்டம் ஆகஸ்ட்டில் கோரை மண்டிக் கிடப்பதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். நான் வேலை செய்த தொடக்கப் பள்ளியிலும் முதல் ஆண்டு அதுதான் நடந்தது. தண்ணீர் போதவில்லை, ஆள் இல்லை என்று காரணம் சொல்லிக்கொண்டோம். ஆனால் பிசகு வேறிடத்தில் இருந்தது. தோட்டம் போட்டவர்கள் நாங்கள். பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். காய்த்த பத்துப் பதினைந்து கத்தரிக்காய் எந்தப் பிள்ளையின் தட்டுக்கும் போய்ச் சேரவில்லை. விதைத்த கையே அறுக்க வேண்டும், ஆய வேண்டும், அள்ளித் தின்ன வேண்டும். இதில் ஒன்று விட்டுப்போனாலும், உணவைப் பற்றிப் பிள்ளை அந்தத் தோட்டத்திலிருந்து எதையும் கற்றுக்கொள்வதில்லை.

அடுத்த தவறு கணக்கில். தோட்டம் போட்டால் சத்துணவுக்குக் காய்கறி வாங்கவே வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். மதிய உணவுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் அளவு, தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் காய்கறி. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 75 கிராம். நூறு பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு அது தினம் 5 கிலோ, பள்ளி நடக்கும் இருபது நாளைக்கு 100 கிலோ. ஒரு சதுர மீட்டர் பாத்தியில் தண்டுக்கீரை நன்றாக வந்தால் ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றரைக் கிலோ. அரை சென்ட் நிலத்தை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கை எட்டிப்பிடிக்கப் பார்த்தால் மூன்றாம் மாதமே சலித்துவிடும். 2019இல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலும், பிள்ளைகள் தாங்களே செடி வளர்த்துப் பழகுவதை ஒரு நோக்கமாகவே சொல்கிறது. மாதத்தில் இரண்டு நாள் தோட்டத்துக் கீரை சாம்பாரில் விழுந்தால் போதும். அன்றைக்கு அது தங்கள் கீரை என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பள்ளி திறந்த சூட்டோடு விதைப்பதும் வேண்டாம். ஜூன் வெயிலிலும் காற்றிலும் முளை கருகிப்போகும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர்கள் மண்ணை அறிந்தவர்கள். ஆடியில் போட்ட வெண்டை காலாண்டுத் தேர்வுக்கு முன்பே காய்க்கத் தொடங்கிவிடும். கத்தரிக்கு நாற்றங்காலில் ஒரு மாதம், நட்ட பிறகு இரண்டு மாதம் பிடிக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளையால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. முதலில் சிறுகீரையோ தண்டுக்கீரையோ போடுங்கள். 25, 30 நாளில் கையில் வந்துவிடும். கீரை விதை கடுகைவிடப் பொடியானது. பிள்ளையிடம் அப்படியே கொடுத்தால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். இரண்டு கை மணலோடு கலந்து கொடுத்தால் பரவலாக விழும். ஐப்பசி மழையில் தட்டையான பாத்தி மூழ்கிவிடும் என்பதால் மேட்டுப்பாத்தியாக இருக்கட்டும். மண்ணையும் முன்கூட்டியே ஓர் அடி தோண்டிப் பார்த்துவிடுங்கள். பள்ளி வளாகங்களில் பாதி இடம் கட்டட இடிபாட்டைக் கொட்டி நிரவியதுதான்.

முருங்கை இல்லாமல் நம் பள்ளித் தோட்டம் நிறைவாகாது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 செடிமுருங்கை ஆறு மாதத்தில் காய்க்கும். தவறு அதை நடுகிற இடத்தில் இருக்கிறது. வகுப்பறைச் சன்னலை ஒட்டியோ, பிள்ளைகள் ஓடியாடும் இடத்திலோ வைத்தால், மழைக்குப் பிறகு அடிமரத்தில் கம்பளிப்பூச்சி கும்பல் கும்பலாக அப்பிக்கொள்ளும். ஒரு பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடித்துப்போனால், மறுநாள் பெற்றோர் வந்து மரத்தை வெட்டச் சொல்வார்கள். கிளையும் மொறுக்கென்று முறியும். ஏறினால் விழத்தான் வேண்டும். மதிலோரம் தள்ளி நட்டு, இடுப்பளவு வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். தாழ்வாகக் கிளைக்கும், எட்டிப் பறிக்கலாம்.

பூச்சியைக் கண்டதும் மருந்து வாங்க ஓடுவது பெரிய தவறு. பிள்ளைகள் தொட்டு, பறித்து, கழுவாமலே வாயில் போடும் செடி அது. இலையிலும் தளிரிலும் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைக் கண்டால், தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பாலும் உதிரும். மீறினால் வேப்ப எண்ணெய்க் கரைசல் இருக்கிறது. சில புழுக்களை விட்டும்விடலாம். எங்கள் கறிவேப்பிலையில் ஒருமுறை பறவை எச்சம் போல ஏதோ ஒட்டியிருந்தது. துடைக்கப் போன சிறுமி அது நகர்வதைக் கண்டு கையை இழுத்துக்கொண்டாள். நான்கு நாளில் அது பச்சைப் புழுவானது. குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டி, புளித்த வாடை வீசியது. எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு. அது கூடு கட்டிப் பறக்கும்வரை இடைவேளை தவறாமல் வகுப்பே அங்கே நின்றது. ஒரு கிளை இலை போயிற்று, போகட்டும்.

இனி சொல்லப்போவதை எந்தப் பள்ளியும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தாமதமாக வந்தவனைக் களை பறிக்க அனுப்புகிறோம்; வீட்டுப்பாடம் எழுதாதவளைத் தண்ணீர் சுமக்க வைக்கிறோம். தோட்டம் தண்டனையாகிவிட்ட பிறகு அங்கே விளைந்ததை எந்தப் பிள்ளைக்கு ஆசையாகத் தின்னத் தோன்றும்? அதைவிடக் கொடுமை, குறிப்பிட்ட சில தெருப் பிள்ளைகளே எப்போதும் மண்வெட்டி பிடிப்பதும், மற்றவர்கள் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்து நிற்பதும். சுவரில் முறைப்பட்டியல் ஒட்டுங்கள். உரக்குழி வேலை உட்பட எல்லா வேலையும் எல்லார் பெயருக்கும் வர வேண்டும், ஆசிரியர் பெயருக்கும்தான்.

சமையலரைக் கேட்காமல் பயிரைத் தேர்ந்தெடுப்பது நாங்களே செய்த தவறு. ஒரு நாள் காலை பத்து மணிக்கு இரண்டு கூடை சிறுகீரையோடு சமையல்கூடத்தின் வாசலில் போய் நின்றோம். "முந்தின நாளே சொல்லியிருக்கக் கூடாதா டீச்சர்? இப்போது நான் உலையைப் பார்ப்பேனா, இதை ஆய்ந்துகொண்டிருப்பேனா?" என்றார் சமையல் அக்கா. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதற்குப் பிறகு அறுவடைக்கு முந்தைய நாளே சொல்லிவிடுவோம். காலையில் நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் வட்டமாக உட்கார்ந்து ஆய்ந்து கொடுக்கும். முதலில் அலசிவிட்டு, பிறகுதான் நறுக்க வேண்டும் என்பதையும் வேக வைத்த தண்ணீரைக் கொட்டக் கூடாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்த அக்காதான்.

சாப்பிடும்போது பாடம் நடத்தாதீர்கள். "இரும்புச்சத்து, கண்ணுக்கு நல்லது" என்று சொல்லிக்கொண்டே தட்டில் வைத்தால், பிள்ளை அதை மருந்தாகத்தான் பார்க்கும். சத்தைப் பற்றிச் செடிக்குப் பக்கத்தில் நின்று பேசலாம். பிடிக்கவில்லை என்று ஒதுக்கினால் திட்ட வேண்டாம். ஒரு வாய் மட்டும் கேளுங்கள், அடுத்த முறையும் வையுங்கள். புதிய ருசி நாக்குக்குப் பழகப் பல முறை தேவைப்படும். பாக்கெட் தின்பண்டம் கொண்டுவரும் பிள்ளையை வகுப்பின் நடுவில் நிறுத்தி அவமானப்படுத்துவதும் வேண்டாம். கையில் காசைக் கொடுத்து அனுப்பியவர்கள் பெரியவர்கள்.

கடைசி அறுவடையில் பாத்தியை மொட்டையடித்துவிடாதீர்கள். நான்கைந்து தண்டுக்கீரைச் செடிகளை அறுக்காமல் விட்டால் கதிர் முற்றிக் காய்ந்து நிற்கும். ஒரு தாளின் மேல் உள்ளங்கையால் தேய்த்து ஊதினால் பளபளவென்று கறுப்பு விதை மிஞ்சும். ஏப்ரலில் தேர்வு முடிகிற நாளன்று ஆளுக்கு ஒரு சிட்டிகை மடித்துக் கொடுங்கள். உடைந்த குடமோ பழைய சாக்கோ இல்லாத வீடு இல்லை.