குடும்பத்தோடு முதல் அலைச்சறுக்கு: கோவளம் கடற்கரையில் ஒரு காலை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் போனால் கோவளம். பிள்ளைகளோடு அலைச்சறுக்கு பழக இதைவிட வசதியான இடம் சென்னைக்குப் பக்கத்தில் இல்லை. உள்ளூர் மீனவர் குடும்பங்களிலிருந்து வந்த பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். கடல் ஒத்துழைக்காத நாளில் பக்கத்திலேயே முட்டுக்காடு காயல் இருக்கிறது. முதல் நாளில் யாரும் இடுப்பளவு தண்ணீரைத் தாண்ட வேண்டியதே இல்லை. உடைந்து நுரையாக வரும் அலையிலேயே போர்டில் எழுந்து நிற்கலாம்.

எப்போது போவது

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், புதியவர்களும் பிள்ளைகளும் கடலில் இறங்க வேண்டாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை அலை பெரும்பாலும் சிறியது; சிறுவர்களுக்கு அதுதான் ஏற்றது. மே மாதத்துக்குப் பின் தெற்கிலிருந்து நல்ல அலை வரும், ஆனால் அது ஓரளவு பழகியவர்களுக்கு.

எந்த மாதமானாலும் காலை ஆறரைக்குள் கரையில் இருங்கள். அதிகாலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் அலை ஒழுங்காக உருண்டு வரும். வெயில் ஏறிக் கடற்காற்று திரும்பிவிட்டால் தண்ணீர் கலைந்து போய், எந்த அலையைப் பிடிப்பது என்றே தெரியாது.

முந்தைய இரவு, ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தின் அலை முன்னறிவிப்பைப் பாருங்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தால் திட்டத்தைக் கைவிடுங்கள். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த புயலின் அலை அது; நம் கரையில் காற்றே இல்லாத நாளிலும் வந்து சேரும். எச்சரிக்கை இல்லாவிட்டாலும், அலை உயரம் ஒரு மீட்டரைத் தாண்டினால் பிள்ளைகளைக் காயலுக்குக் கூட்டிப் போவது நல்லது.

யார், எந்த போர்டு

மல்லாந்து மிதக்கவும் 25 மீட்டர் நீந்தவும் தெரிந்த பிள்ளை பயிற்சியில் சேரலாம். தெரியாத பிள்ளைக்கு முழங்கால் ஆழத்தில், பெரியவரின் கைக்கெட்டும் தூரத்தில், குட்டையான பாடி போர்டில் வயிற்றால் சறுக்குவதே போதும். அதுவும் சின்ன சந்தோஷமில்லை. பயிற்சியாளரிடம் உயிர்காப்புச் சான்றிதழ் இருக்கிறதா, பிள்ளைக்குத் தனியாக ஒருவர் வருவாரா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

போர்டு, மேல்பக்கம் ஃபோம் போட்ட சாஃப்ட் டாப்பாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு 9 அடி, பத்து வயதுப் பிள்ளைக்கு 7 அடி. சின்ன போர்டு பார்க்க அழகாக இருக்கும், ஆனால் புதியவரைத் தாங்காது. காலோடு போர்டை இணைக்கும் லீஷ் பின்னங்காலில் மாட்ட வேண்டியது. எது பின்னங்கால் என்று தெரிய, பிள்ளையை முதுகில் லேசாகத் தள்ளுங்கள். தன்னிச்சையாக முன்னே வைக்கும் கால் முன்னங்கால், மற்றது பின்னங்கால். லீஷைக் கையில் சுற்றிக்கொள்ள விடாதீர்கள். அலை போர்டை இழுக்கும்போது விரல் ஒடியும்.

போர்டில் வயிறு உரசிப் புண்ணாகும், அதனால் முழுக்கை ரேஷ் கார்டு, அதாவது உடலோடு ஒட்டிய நீச்சல் மேலாடை, கட்டாயம். சன்ஸ்கிரீனை முகம், கழுத்து, காலின் பின்புறத்தில் பூசுங்கள். உள்ளங்கை, வயிறு, உள்ளங்காலில் பட்டால் போர்டு வழுக்கும்.

மணலில் இருபது நிமிடம்

போர்டை மணலில் வைத்து அதன் மேல் குதித்தால் அடியிலுள்ள துடுப்பு உடைந்துவிடும். போர்டின் வடிவத்தை மணலில் வரைந்து, நடுக்கோட்டையும் போட்டு, அதில் குப்புறப் படுத்துப் பழகுங்கள். உள்ளங்கைகள் விலா எலும்புக்குப் பக்கத்தில் தட்டையாகப் பதிய வேண்டும். பலரும் போர்டின் ஓரங்களைப் பிடிப்பார்கள். தண்ணீரில் அப்படிச் செய்தால் போர்டு ஒரு பக்கம் சாயும். கையை ஊன்றி மார்பைத் தூக்கி, முன்னங்காலை இரு கைக்கும் நடுவில் கொண்டுவந்து, பின்னங்காலை நடுக்கோட்டில் குறுக்காக ஊன்றி, முழங்கால் மடித்து எழ வேண்டும். பார்வை கரையில் ஒரு மரத்தின் மேல் இருக்கட்டும். காலைப் பார்த்தால் தலை எந்தப் பக்கமோ உடம்பும் அந்தப் பக்கம் விழும். முழங்காலில் நின்று பிறகு எழும் பழக்கம் சிறுவர்களுக்குப் பரவாயில்லை. பெரியவர்களுக்கு ஒட்டிக்கொண்டால் விடாது.

தண்ணீரில்

நடந்து போகும்போது போர்டு உங்கள் பக்கவாட்டில், அதன் மூக்கு, அதாவது முன்முனை, கடலை நோக்கி இருக்கட்டும். உங்களுக்கும் அலைக்கும் நடுவில் ஒருபோதும் போர்டை வைக்காதீர்கள். முதல் நாள் காயங்களில் பல இப்படித்தான் வருகின்றன: அலை போர்டைத் தூக்கி நேராக முகத்தில் அடிக்கும்.

இடுப்பளவில் போர்டைக் கரைப்பக்கம் திருப்பிப் படுங்கள். போர்டின் மூக்கு தண்ணீருக்கு மேல் இரண்டு மூன்று விரற்கடை தெரிந்தால் சரியான இடத்தில் படுத்திருக்கிறீர்கள். மூக்கு குத்தினால் சற்றுப் பின்னே நகருங்கள். வானத்தைப் பார்த்து நின்றுபோனால் முன்னே. நுரை இரண்டு மீட்டர் தூரத்தில் வரும்போது பயிற்சியாளர் தள்ளுவார். தள்ளியதும் எழக் கூடாது. போர்டு அலையோடு சீராக ஓடத் தொடங்கும் வரை மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டு எழுங்கள். பெரும்பாலானவர்கள் விழுவது இந்த அவசரத்தால்தான்.

விழும்போது தலைகுப்புறப் பாயாமல், பக்கவாட்டில் தட்டையாக விழ வேண்டும். அடியில் மணல் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று மேலிருந்து தெரியாது. எழும்போது இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு எழுங்கள். போர்டு மேலே மிதந்துகொண்டிருக்கும்.

இழுவை நீரோட்டம்

பெற்றோர் இருவரும் ஒரே நேரத்தில் அலைக்குள் போகாதீர்கள். ஒருவர் கரையில், கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இறங்கும் முன் கொஞ்சம் உயரமான இடத்தில் நின்று பத்து நிமிடம் கடலைப் பாருங்கள். இருபுறமும் அலை உடைந்து வெள்ளையாக இருக்க, நடுவில் ஒரு கீற்று மட்டும் உடையாமல் கருமையாக, அல்லது கலங்கலாக இருந்தால், அங்கே தண்ணீர் கடலுக்குள் திரும்பிப் போகிறது. அதுதான் இழுவை நீரோட்டம். அமைதியாகத் தெரிவதால்தான் குடும்பங்கள் அந்த இடத்தையே தேர்ந்தெடுத்து இறங்குகின்றன. பாறை ஓரத்திலும் முகத்துவாரத்திலும் இந்த இழுப்பு அதிகம்.

சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி நீந்திக் களைத்துப் போகாதீர்கள். போர்டை விடாமல் அதன் மேல் படுத்து, ஒரு கையை உயர்த்துங்கள். இழுப்பு தளர்ந்ததும் கரைக்கு இணையாகக் கைகளால் துழாவி, அலை உடையும் பக்கமாக வந்து கரை சேருங்கள். பிள்ளைகளுக்கு ஒரே வாக்கியமாகச் சொல்லிக் கொடுங்கள்: போர்டைப் பிடி, கையைத் தூக்கு. கடலோரக் காவலுக்கு 1093, ஆம்புலன்ஸுக்கு 108.

இதைத் தவிர, கரையோரமாகவே ஓடும் நீவாடு, அதாவது நீரோட்டம், ஒன்றும் உண்டு. தென்மேற்குப் பருவத்தில் அது வடக்கே தள்ளும். கரையில் ஒரு கொடியை அடையாளம் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து அதற்கு நேராக நடந்து திரும்புங்கள். படகு ஏற்றி இறக்கும் இடத்திலும், கரைவலை இழுக்கும்போது கயிறு கிடக்கும் பக்கத்திலும் பழகக் கூடாது. அது மீனவர்கள் பிழைப்பு நடக்கும் இடம்.

பிள்ளைகளுக்கு 45 நிமிடம் போதும். உதடு நீலம் பூத்தாலோ, பல் கிடுகிடுத்தாலோ உடனே வெளியே எடுங்கள். சொறிமீன் (ஜெல்லிமீன்) பட்டால் மணலால் தேய்க்கவோ நல்ல தண்ணீர் ஊற்றவோ கூடாது. ஒட்டியிருக்கும் இழைகளைக் கையுறையால் எடுத்துவிட்டு, கடல்நீரால் கழுவி, பொறுக்கும் அளவு சூடான நீரில் இருபது நிமிடம் வையுங்கள். மூச்சு திணறினால் தாமதிக்காமல் மருத்துவமனை.

கடல் வேண்டாம் என்றால் காயல்

முட்டுக்காட்டில் இருவர் அமரும் கயாக் என்ற துடுப்புப் படகில் எடை அதிகமானவர் பின்னால் உட்கார வேண்டும். திருப்புவது அவர் வேலை. லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். பிள்ளையின் காது வரை ஏறினால் அது பெரிய அளவு, மாற்றிக் கேளுங்கள். போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளும். பாலத் தூண்களைத் தொட வேண்டாம். ஒட்டியிருக்கும் ஆளிச் சிப்பியின் ஓடு பிளேடு போலக் கிழிக்கும், அதனால் காலில் ரப்பர் ஷூ இருக்கட்டும். தண்ணீர் வற்றிக் கடலுக்குள் இறங்கும் நேரத்தில் முகத்துவாரப் பக்கம் போகவே போகாதீர்கள்.